காக்கிச் சட்டையின் சம்பளக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து காவலர் சம்பளம், படிகள், பிடித்தங்கள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கணக்குகள் எல்லாம் 1-7-2025 முதல் நடப்பில் வந்த 58 விழுக்காடு அகவிலைப்படியை வைத்துப் போட்டவை. அகவிலைப்படி உயர்ந்திருந்தால் அந்த ஓர் எண்ணை மாற்றி மறுபடி போட்டுக்கொள்ளலாம். பங்களிப்பு ஓய்வூதியம் பற்றிச் சொல்வதெல்லாம் 2025 நிலவரம்.

பென்னாகரம் வாசகி: என் மகன் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்திருக்கிறான். தேர்வு அறிவிப்பில் சம்பளம் 18,200 – 67,100 என்று போட்டிருந்தார்கள். கைக்கு வருவது இருபத்தேழாயிரத்துச் சொச்சம்தான். 67,100 என்பது என்ன? பணம் எங்கே பிடிக்கப்படுகிறது?

67,100 என்பது அந்த ஊதிய நிலையின் கடைசிப் படி, அவ்வளவுதான். உங்கள் மகன் நிற்பது முதல் படியான 18,200-இல். தமிழ்நாடு திருத்திய ஊதிய விதிகள் 2017-இன்படி இது ஊதிய நிலை 5. ஆண்டுக்கு ஒரு படி, ஏறத்தாழ 3 விழுக்காடு, நூறு ரூபாய்க்கு முழுமையாக்கி ஏறும்: 18,200, 18,700, 19,300, 19,900, 20,500 என்று போகும். கடைசிப் படி வரை இதே நிலையில் யாரும் நடப்பதில்லை. அதற்குள் முதல் நிலைக் காவலர், ஏட்டு என்று நிலை மாறி வேறு ஏணிக்குப் போய்விடுவார்கள். அறிவிப்பில் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து வங்கிக் கடனுக்கும் பெண் பார்க்கவும் கணக்குப் போடுகிற வீடுகள் உண்டு. வேண்டாம்.

இப்போது கைக்கு வருவதைப் பார்ப்போம். அடிப்படை ஊதியம் 18,200. அகவிலைப்படி 58 விழுக்காடு, அதாவது 10,556. இரண்டும் சேர்ந்து 28,756. மருத்துவப்படி 300. இடர்படி 1,000 (இது 800 ஆக இருந்தது, 1,000 ஆக உயர்த்துவதாக 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள்). கூட்டினால் 30,056. வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். அதற்குத் தனிக் கேள்வி வந்திருக்கிறது, கீழே சொல்கிறோம்.

பிடித்தத்தில் பெரியது சி.பி.எஸ். எனப்படும் பங்களிப்பு ஓய்வூதியம். 1-4-2003 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு போகும். 28,756-க்கு 2,876 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு 300. குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு 110. ஆக 3,286. மீதி 26,770. வாடகைப்படி வந்தால் அது கூடும். அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்பின் தொழில்வரி பிடிக்கும் மாதத்தில் ஆயிரம் ரூபாய் போலக் குறையும். தொழில்வரிக்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500. அரையாண்டுக்கு 1,250-ஐத் தாண்டிப் பிடித்திருந்தால் கேளுங்கள்.

இந்த 2,876 ரூபாய் தொலைந்த பணமல்ல. அதே அளவு தொகையை அரசும் மகன் பெயரில் போடுகிறது. ஆனால் சேர்ந்த முதல் மாதங்களில் சி.பி.எஸ். எண் ஒதுக்கப்படாமல் பிடித்தம் தொடங்காமல் போவதும், பிறகு நிலுவையாகச் சேர்த்துப் பிடிப்பதும் நடக்கிற விஷயம். ஒரு மாதம் சம்பளம் திடீரென நாலைந்தாயிரம் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மகனின் கைப்பேசியில் ‘களஞ்சியம்’ செயலி இருக்கும். அதில் மாதாந்திரச் சம்பளச் சீட்டை எடுத்து, சி.பி.எஸ். எண் அச்சாகியிருக்கிறதா, பிடித்தத்தில் நிலுவை என்று தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

போச்சம்பள்ளி வாசகர்: சிறப்புக் காவல் பட்டாலியனில் இருக்கும் நண்பருக்கும், கிருஷ்ணகிரி நகரில் வாடகை வீட்டில் இருக்கும் காவலருக்கும் வீட்டு வாடகைப்படி வேறுபடுகிறது. ஒரே பதவிதானே?

பதவி ஒன்று, ஊர் வேறு. தமிழ்நாட்டில் வாடகைப்படி விழுக்காட்டுக் கணக்கில் இல்லை. அடிப்படை ஊதியம் எந்த அடுக்கில் விழுகிறது, பணிபுரியும் ஊர் எந்த வகுப்பு என்ற இரண்டையும் வைத்து ஓர் அட்டவணை இருக்கிறது. அந்தக் கட்டத்தில் உள்ள ரூபாய்தான் படி. ஊர் என்பது பணியிடம். குடியிருக்கும் ஊர் அல்ல. காவலர் குடியிருப்பில் வீடு ஒதுக்கப்பட்டால் இந்தப் படி நின்றுவிடும். வீட்டைக் காலிசெய்த பிறகும் படி திரும்ப வராமல் இருந்தால், காலிசெய்த தேதி குறிப்பிட்ட சான்று சம்பளப் பிரிவுக்குப் போகவில்லை என்று பொருள். சாவியை ஒப்படைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

கிருஷ்ணகிரி முதுநிலை வணிகவியல் மாணவர்: ‘மாநிலக் காவலர்களின் ஊதியமும் பலன்களும்’ என்பது என் ஆய்வேட்டுத் தலைப்பு. கிருஷ்ணகிரி உட்கோட்டத்தில் வினாப்பட்டியல் கொடுத்துச் சம்பளம் கேட்கலாம் என்று இருக்கிறேன். முறை சரியா? வேறு என்ன தரவு கிடைக்கும்?

வினாப்பட்டியலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சம்பளம் என்பது அரசாணையில் அச்சாகிக் கிடக்கிறது. அதைப் போய் ஆளாளுக்குக் கேட்டால் பிழைதான் சேரும். “உங்கள் சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் கைக்கு வருவதைச் சொல்வார்கள். அதில் கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை, பண்டிகை முன்பணத் தவணை எல்லாம் கழிந்திருக்கும். பண்டிகை முன்பணம் 10,000-இலிருந்து 20,000 ஆனபின் தவணையும் கூடியிருக்கும். ஒரே ஆண்டில் சேர்ந்து ஒரே ஊதியம் வாங்கும் இரண்டு காவலர்களில் ஒருவர் 29,000 என்பார், மற்றவர் 19,000 என்பார். உங்கள் சராசரி அவர்களுடைய கடனின் சராசரியாகிவிடும்.

முதலில் தேதியை உறுதி செய்யுங்கள்: ஒரே ஒரு நாளின் நிலவரம். அடுத்து, மாநிலங்களைப் பதவியை வைத்து ஒப்பிடாமல் பணிக்காலத்தை வைத்து ஒப்பிடுங்கள்: சேர்ந்த நாள், 10 ஆண்டு, 25 ஆண்டு. ஒரு மாநிலத்தில் 15 ஆண்டில் ஏட்டு, இன்னொன்றில் அதே காலத்தில் இன்னும் காவலர் என்றால், ஏட்டுக்கு ஏட்டு ஒப்பிட்டு என்ன பயன்? தமிழ்நாட்டில் பல காலம் இருந்த கணக்கு 10 ஆண்டில் முதல் நிலைக் காவலர், மேலும் 5 ஆண்டில் ஏட்டு, மேலும் 10 ஆண்டில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்பது. இந்த இடைவெளிகளை அரசாணை மூலம் மாற்றுவதும் உண்டு. ஆகவே நீங்கள் எடுக்கும் தேதியன்று எது செல்லும் என்று மாவட்டக் காவல் அலுவலகத்தில் அரசாணை எண்ணோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு அட்டவணையில் நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள். ஒன்றில் மாதாமாதம் நிச்சயம் வருவது: அடிப்படை, அகவிலைப்படி, வாடகைப்படி, மருத்துவப்படி. இரண்டாவதில் வேலையைப் பொறுத்து வருவது: வார ஓய்வு நாளில் வேலை பார்த்ததற்கான மிகைநேர ஊதியம், பந்தோபஸ்து உணவுப்படி, பயணப்படி. மூன்றாவதில் பொருளாக வருவது: குடியிருப்பு, காவலர் அங்காடியின் விலைச் சலுகை. நான்காவதில் பின்னால் வருவது: சி.பி.எஸ்.-இல் அரசின் பங்கு, ஓய்வின்போது 240 நாள் வரை ஈட்டிய விடுப்புக்கான பணம். மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இந்த நான்காவது பத்தி. ஊழியரிடம் பிடிக்கும் 10 விழுக்காட்டைப் பலன் என்று சேர்த்துவிடுகிறார்கள். அது ஏற்கெனவே முதல் பத்தியில் சம்பளமாக வந்துவிட்டது. அரசு போடும் 10 விழுக்காடு மட்டுமே புதிது. பென்னாகரம் வாசகிக்குப் போட்ட கணக்கில் அரசுக்கு ஆகும் செலவு, வாடகைப்படி நீங்கலாக, 30,056-உம் 2,876-உம் சேர்ந்து 32,932.

இரண்டாவது பத்திக்குத்தான் உங்கள் வினாப்பட்டியல் தேவை. அரசாணையில் இருப்பது வேறு, நிலையத்தில் நடப்பது வேறு என்பதை அங்கேதான் பிடிக்க முடியும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், தை மாதத்தில் எருது விடும் விழா, ஓசூர் சந்திரசூடேசுவரர் தேர் என்று வரிசையாக பந்தோபஸ்து வரும் மாவட்டங்கள் இவை. கடந்த மூன்று மாதத்தில் எத்தனை வார ஓய்வு வந்தது, எத்தனை எடுத்தீர்கள், எடுக்காததற்குப் பணம் வந்ததா, எத்தனை நாள் கழித்து வந்தது என்று கேளுங்கள். ‘வழக்கமாக’ என்று கேட்டால் பதில் வழக்கமாகத்தான் வரும். பணியில் இருப்பவர்கள் பதில் சொல்ல மேலதிகாரி அனுமதி வேண்டும். எனவே காவல் கண்காணிப்பாளருக்கு, துறைத்தலைவர் கையொப்பத்துடனும் வினாப்பட்டியல் நகலுடனும் முதலில் கடிதம் கொடுங்கள். பெயரும் காவலர் எண்ணும் கேட்காதீர்கள். ஒரு சின்ன நிலையத்தில் ‘பெண் ஏட்டு, 18 ஆண்டு பணி’ என்று போட்டாலே அது யார் என்று தெரிந்துவிடும். ஆகவே நிலையவாரியாக அட்டவணை போடாதீர்கள்.

செலவுத் தரவு வேண்டுமானால் மாநில வரவு செலவுத் திட்டத்தில் மானியக் கோரிக்கை எண் 22-ஐப் பாருங்கள். காவல்துறைக்கான கோரிக்கை அது. அதில் 2055 என்ற தலைப்பில் சம்பளங்கள், பயணப்படி எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். அதோடு நிறுத்திவிட்டால் ஓய்வூதியச் செலவு முழுக்க விடுபடும். அது 2071 என்ற தலைப்பில், எல்லாத் துறைக்கும் பொதுவாகக் கிடக்கிறது, காவலருக்கென்று பிரித்திருக்காது. ஒரு காவலருக்கு ஆகும் செலவு என்று 2055-ஐ ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் போடுகிறவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள்: ஓய்வூதியத்தை விடுகிறார்கள், சீருடை அணியாத அமைச்சுப் பணியாளரின் சம்பளத்தைச் சேர்க்கிறார்கள். வகுக்கும் எண் அனுமதிக்கப்பட்ட பணியிடமா, நிரப்பப்பட்ட பணியிடமா என்பதையும் எழுதுங்கள். மாநில வாரியாக இரண்டு எண்ணும் காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்தின் ஆண்டு வெளியீட்டில் கிடைக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் வழி உண்டு. பிரிவு 4(1)(ஆ)-வின் பத்தாவது இனம், ஒவ்வொரு அலுவலரின் மாத ஊதியத்தையும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. பதவிவாரியான பணியிடம், காலியிடம், மிகைநேர ஊதியத்துக்கு ஆண்டுவாரியாகச் செலவான தொகை ஆகியவற்றை 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. “காவலர்களின் நிலை எப்படி உள்ளது?” என்று கேட்டால் ‘தகவல் இல்லை’ என்றே பதில் வரும். பதிவேட்டில் இருக்கும் ஒன்றை, ஆண்டு குறிப்பிட்டு, கேட்கவேண்டும். ஒரு தனி ஆளின் சம்பளச் சீட்டைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று பிரிவு 8(1)(ஒ)-வைக் காட்டி மறுப்பார்கள், 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதற்கு ஆதரவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

ஓசூர் வாசகர்: ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடகக் காவலர் இரண்டு மடங்கு அடிப்படை ஊதியம் வாங்குகிறார் என்கிறார்கள். என் மைத்துனர் சி.ஆர்.பி.எஃப்.-இல் இருக்கிறார், அவருக்கும் அதிகம். ஏன் இந்தப் பாகுபாடு?

மத்தியப் படையின் கணக்கு எளிது. இரண்டு இடத்திலும் பழைய ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கித்தான் இப்போதைய ஊதியம் வந்தது. தமிழ்நாட்டுக் காவலரின் பழைய தொடக்க ஊதியம் 5,200-உம் தர ஊதியம் 1,900-உம் சேர்ந்து 7,100, பெருக்கினால் 18,247, அதிலிருந்து 18,200. மத்தியக் காவலருக்குத் தர ஊதியம் 2,000-தான், நூறு ரூபாய் கூடுதல். ஆனால் நேரடியாகச் சேருபவருக்குத் தொடக்கத்தை 6,460 என்று வைத்திருந்தார்கள். ஆக 8,460, பெருக்கினால் 21,742, அதிலிருந்து 21,700. வித்தியாசம் 3,500 ரூபாய், அகவிலைப்படியோடு 5,530. இதற்கு மேல் அங்கே தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அரசின் பங்கு 14 விழுக்காடு, இங்கே 10.

கர்நாடகத்தை எடுத்த எடுப்பில் ஒப்பிட முடியாது. அங்கே காவலரின் ஊதிய விகிதம் 23,500 – 47,650 என்று இருந்தது. ஏழாவது மாநில ஊதியக் குழுவின் பரிந்துரை 2024 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்தபோது 31 விழுக்காடு அகவிலைப்படியை அடிப்படைக்குள் சேர்த்து, மேலும் 27.5 விழுக்காடு உயர்த்தினார்கள். 23,500-ஐ 1.585-ஆல் பெருக்கினால் 37,247. இங்கே 18,200, அங்கே 37,000-க்கு மேல் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு மடங்காகத் தெரியும். ஆனால் நம்முடைய 18,200 என்பது 1-1-2016 விலைவாசிக்குக் கட்டிய எண், அதன்மேல் 58 விழுக்காடு தனியாக வருகிறது. அவர்களுடையதில் பழைய அகவிலைப்படி உள்ளேயே கரைந்துவிட்டது. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே நாளின் அகவிலைப்படியைச் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும். நம் பக்கம் 28,756. அவர்கள் பக்கம் அகவிலைப்படி சேர்க்கும் முன்பே 37,000-ஐத் தாண்டுகிறது. இரண்டு மடங்கு இல்லை. ஆனால் உண்மையான இடைவெளி இருக்கிறது, அதை மறைக்கவும் முடியாது.

காவல் என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி ஊதியக் குழு போடும், தன் விருப்பப்படி ஆண்டைத் தேர்ந்தெடுக்கும். ஒரு பக்கம் குழு பரிந்துரை வந்த மறுமாதம் ஒப்பிட்டால் அவர்கள் மேலே. நம் பக்கம் வந்த மறுமாதம் ஒப்பிட்டால் நாம் மேலே. எந்த மாதத்தில் ஒப்பிட்டார்கள் என்று சொல்லாத வாட்ஸ்அப் அட்டவணையை அப்படியே தள்ளிவிடுங்கள்.

அரூர் காவலர் ஒருவர்: பத்து ஆண்டு முடிந்து நிலை உயர்வு வரப்போகிறது. ஊதிய நிர்ணயம் எப்படிச் செய்வார்கள்? விருப்பம் கொடுக்கச் சொல்கிறார்கள், எதைக் கொடுப்பது?

18,200-இல் தொடங்கி பத்து ஊதிய உயர்வு பெற்றிருந்தால் இப்போது நீங்கள் 24,500-இல் இருக்க வேண்டும். உயர்வின்போது முதலில் பழைய நிலையிலேயே ஒரு படி ஏற்றுவார்கள்: 25,200. பிறகு புதிய நிலையில் அதற்குச் சமமான அல்லது அடுத்த பெரிய எண்ணைத் தேடுவார்கள். 19,500-இல் தொடங்கும் ஊதிய நிலை 8-க்குப் போவதாக வைத்துக்கொண்டால், அங்கே 24,700-க்கு அடுத்து 25,400 வருகிறது. உங்கள் ஊதியம் 25,400.

விருப்பம் என்பது இதை உயர்வு பெற்ற நாளிலேயே செய்வதா, பழைய நிலையில் அடுத்த ஆண்டு உயர்வு வரும் நாளில் செய்வதா என்பது. தமிழ்நாட்டில் ஆண்டு உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் ஏதேனும் ஒன்றில் வரும். உங்கள் உயர்வு ஆகஸ்டில், ஆண்டு உயர்வு அக்டோபரில் என்றால் இரண்டு மாதம் பொறுப்பது பெரும்பாலும் லாபம். பழைய நிலையில் வழக்கமான உயர்வு 25,200, அதன்மேல் நிர்ணயத்துக்கான படி 26,000, புதிய நிலையில் அதற்கு மேல் 26,200. பத்து மாதம் பொறுக்க வேண்டும் என்றால் காத்திருக்கும் மாதங்களில் விடும் பணத்தையும் கழித்துப் பாருங்கள். இரண்டையும் காகிதத்தில் மூன்று ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள். புதிய நிலையில் அடுத்த ஆண்டு உயர்வு எந்தத் தேதிக்கு நகர்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விருப்பக் கடிதத்தை உத்தரவில் சொன்ன கெடுவுக்குள் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிவிடுங்கள். கொடுக்காதவர் உயர்வு நாளையே தேர்ந்தெடுத்ததாகக் கொள்வார்கள்.

கூடவே பணிப்பதிவேட்டைத் திறந்து பாருங்கள். தண்டனையாக ஊதிய உயர்வு தள்ளிவைக்கப்பட்டிருந்தால், காலம் முடிந்தபின் அதை மீட்டுக்கொடுத்த பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். தண்டனை முடிந்துவிடும், பதிவு மட்டும் வராமல் இருக்கும். பத்தாம் ஆண்டில் 24,500-க்குப் பதில் 23,800 என்று நிற்பதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

ஊத்தங்கரை வாசகர்: கலிபோர்னியாவில் இருக்கும் உறவினர், அங்கே மாநிலப் போலீஸ் சம்பளத்தை ஊர்ப் போலீஸ் சம்பளங்களின் சராசரியை எடுத்து நிர்ணயிக்கிறார்கள் என்கிறார். உண்மையா? இங்கும் அப்படிச் செய்ய முடியுமா?

உண்மைதான். அமெரிக்காவில் சுமார் 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் உள்ளன. நகரம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), மாநிலம் ஒவ்வொன்றும் தானே ஆள் எடுத்துத் தானே சம்பளம் கொடுக்கிறது. கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல் படைக்கு அம்மாநில அரசாங்கச் சட்டத் தொகுப்பின் பிரிவு 19827 ஒரு முறையை வகுத்திருக்கிறது: லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல்துறை, லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி ஷெரிப் துறை, சான் டியாகோ, ஓக்லாண்ட், சான் பிரான்சிஸ்கோ நகரக் காவல்துறைகள் ஆகிய ஐந்தின் சராசரி. சராசரி எடுப்பது வெறும் அடிப்படைச் சம்பளத்துக்கல்ல, மொத்தப் பலனுக்கு. பணிமூப்புக்கான கூடுதல், கல்விக்கான கூடுதல் போன்றவையும் உள்ளே வரும்.

இதில் இரண்டு பக்கமும் உண்டு. ஐந்தும் வாழ்க்கைச் செலவு மிக அதிகமான இடங்கள். மாநிலத்தின் மலிவான மூலையில் பணிபுரிபவருக்கும் அந்தச் சராசரியே கிடைக்கும். இந்த ஐந்தில் ஒன்று உயர்த்தினால் மாநிலமும் பின்தொடரவேண்டும். ஓய்வூதியத்திலும் அப்படித்தான் நடந்தது. 1999-இல் நெடுஞ்சாலைப் படைக்கு 50 வயதில் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று கொடுத்தார்கள், அதாவது 30 ஆண்டு பணிக்குக் கடைசிச் சம்பளத்தில் 90 விழுக்காடு. நகரங்களும் கவுண்டிகளும் அதையே பார்த்துக் கொடுத்தன. சுமை தாங்காமல் 2013 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு 57 வயதில் 2.7 விழுக்காடு என்று குறைத்தார்கள்.

இங்கே ‘ஊர்ப் போலீஸ்’ என்று ஒன்று இல்லாததால் சராசரி எடுக்க எதுவும் இல்லை. சென்னையில் இருக்கும் இரண்டாம் நிலைக் காவலருக்கும் மாரண்டஅள்ளியில் இருப்பவருக்கும் அடிப்படை ஊதியம் ஒன்றே. இன்னொரு வேறுபாடு பெரியது. அங்கே இந்தச் சராசரிக் கணக்கு தொழிற்சங்கத்தின் கையில் ஆயுதம். இங்கே 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி காவலர் சங்கம் சேரத் தடை உண்டு. ஊதியக் குழு, காவல் ஆணையம், சட்டமன்ற மானியக் கோரிக்கை அறிவிப்பு, நீதிமன்ற வழக்கு ஆகியவையே வழி. ஆகவே அளவீட்டு ஆய்வு இங்கே கூடுதலாகத் தேவை என்பது எங்கள் கருத்து. பேரம் பேச ஆள் இல்லாத இடத்தில் எண்ணாவது பேச வேண்டும்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு: நேரக் கணக்கு. அமெரிக்க மத்தியத் தொழிலாளர் சட்டப்படி, 28 நாள் சுழற்சியில் காவலர் 171 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு ஊதியம் கொடுக்க வேண்டும். இங்கே மணிக்கணக்கு வைப்பதே அரிது. மாணவர் யாரேனும் நிலையப் பொதுநாட்குறிப்பை வைத்து மணிக்கணக்கு எடுத்தால், சம்பளத்தை மணிக்கு வகுத்துப் பார்க்கலாம். மாதம் 208 மணி வேலை பார்ப்பவருக்கும் 312 மணி பார்ப்பவருக்கும் அதே 30,056 என்றால், ஒருவருக்கு மணிக்கு 144 ரூபாய் 50 காசு, மற்றவருக்கு 96 ரூபாய் 33 காசு.

பாலக்கோடு வாசகி: ஏட்டாக இருந்த என் அண்ணன், 44 வயது, தொப்பூர் கணவாயில் பணி முடிந்து திரும்பும்போது லாரி மோதி இறந்துவிட்டார். அண்ணிக்கு எதுவும் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

இறப்புச் சான்று பத்துப் பிரதி, வாரிசுச் சான்று, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. இவற்றை முதலில் ஒரே கோப்பில் சேருங்கள். வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் நேரம் பிடிக்கும்; அதற்கான மனுவை இன்றே போடச் சொல்லுங்கள்.

காவல் அலுவலகம் வழியாக வருவது குடும்பப் பாதுகாப்பு நிதி 5 லட்சம். மாதம் 110 பிடித்திருந்தார்களே, அதற்கான பலன் இது. பணியில் இருக்கும்போது எப்படி இறந்தாலும் உண்டு. அண்ணன் திருமணத்துக்கு முன் சேர்ந்தவர் என்றால் பணம் பெறுபவர் நியமனத்தில் (நாமினி) அம்மாவின் பெயரே இன்னும் இருக்கக்கூடும். அதைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், இல்லையென்றால் வீட்டுக்குள் மனத்தாங்கல் வரும். 1-4-2003-க்கு முன் பணியில் சேர்ந்தவர் என்றால் குடும்ப ஓய்வூதியத் தாள்கள் அலுவலகம் தயாரிக்கும். பிறகு சேர்ந்தவர் என்றால் சி.பி.எஸ். கணக்கில் அவர் பங்கு, அரசுப் பங்கு, வட்டி எல்லாம் சேர்ந்த தொகைக்கு மனு. மீதமிருக்கும் ஈட்டிய விடுப்புக்கான பணத்தையும் கேளுங்கள்.

வங்கியை மறந்துவிடுகிறார்கள். 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு ஏழு வங்கிகளோடு ஒப்பந்தம் செய்தது. அரசு ஊழியரின் சம்பளக் கணக்கு அங்கே இருந்தால் விபத்து மரணத்துக்கு ஒரு கோடி ரூபாய் காப்பீடு, கட்டணம் இல்லாமல். பணி நேரமா இல்லையா என்பது கேள்வியே இல்லை. சம்பளம் விழும் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக இருக்கிறதா, சம்பளத் தொகுப்புக் கணக்காக மாற்றப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. கிளையில் எழுத்தில் கேளுங்கள். இதைப் படிக்கும் பணியில் உள்ளவர்கள் இந்த வாரமே தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயம். மனு போடச் சட்டம் சொல்லும் காலம் விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். அரசுப் பணம் வந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஒன்றைப் பெற்றால் மற்றது கிடையாது என்பது தவறான பேச்சு, ஓய்வூதியத்தையும் ஆயுள் காப்பீட்டையும் இழப்பீட்டில் கழிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நிரந்தரப் பணியில் இருந்த 40 முதல் 50 வயதுக்காரருக்கு எதிர்கால உயர்வுக்காக வருமானத்தில் 30 விழுக்காடு கூட்ட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற பெருக்கு எண் 44 வயதுக்கு 14. குடும்பத்தில் அவரை நம்பி இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அவர் தனக்காகச் செலவழிக்கும் பங்கு கழியும்: இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று, நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒன்று. வக்கீலிடம் கைக்கு வந்த சம்பளத்தைக் கொடுக்காதீர்கள். மொத்தச் சம்பளம் உள்ள சீட்டைக் கொடுங்கள். அதில் கழிக்கவேண்டியது வருமான வரி, தொழில்வரி போன்றவையே. கூட்டுறவுக் கடன் தவணையோ சி.பி.எஸ். பிடித்தமோ அல்ல. மாதம் பத்தாயிரம் வித்தியாசம் என்றால் 30 விழுக்காடு கூட்டி, 12 மாதம், 14 ஆண்டு பெருக்கினால் இருபத்தோரு லட்சத்துக்கு மேல் போகிறது. சொந்தச் செலவுப் பங்கைக் கழித்தாலும் பதினான்கு லட்சத்துக்குக் குறையாது.

கருணை அடிப்படையில் வேலைக்கு மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பிள்ளைகள் சிறியவர்கள், பெரியவர்களானதும் கேட்கலாம் என்று விட்டால் காலம் கடந்துவிடும். அண்ணிக்கு விருப்பமும் தகுதியும் இருந்தால் அவரே இப்போது மனு போடுவது நல்லது.

காவேரிப்பட்டணம் வாசகர்: விடுப்பை ஒப்படைத்துப் பணம் வாங்கும் வசதி திரும்ப வந்துவிட்டதா?

வந்துவிட்டது. 2020-இல் நிறுத்திய ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு 1-10-2025 முதல் மீண்டும் நடப்புக்கு வந்திருக்கிறது. ஆண்டுக்கு 15 நாள். அடிப்படையையும் அகவிலைப்படியையும் மட்டும் வைத்தால், புதிய காவலருக்கு 28,756-இல் பாதி, 14,378 ரூபாய். விடுப்புக் கணக்கில் அந்த 15 நாள் கழிக்கப்பட்டுப் பணிப்பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். பணம் வந்து பதிவு ஏறாமல் போனால் ஓய்வுபெறும்போது தணிக்கையில் பிடிப்பார்கள்.